அறிவியல் வகுப்பில் ஏஆர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிகை மெய்ம்மை, அதாவது எல்லோரும் சுருக்கமாக ஏஆர் என்று சொல்வது, இப்போது ஆசிரியரின் கைப்பேசியிலேயே ஓடுகிறது. கேமராவை மேசைமேல் காட்டினால், திரையில் தெரியும் அந்த மேசைமேல் ஓர் இதயம் துடிக்கிறது. சுற்றி நடந்து பின்பக்கம் பார்க்கலாம், பெரிதாக்கலாம், உள்ளறைகளைத் திறக்கலாம். அறிவியல் ஆசிரியர்களுக்கு இது நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குமரி மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளோடு இதைப் பயன்படுத்தி வருகிறேன். பாடம் எங்கே சறுக்குகிறது என்பதும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஜன்னலுக்கு வெளியே இருப்பதைத் திரையில் காட்டுவது. செம்பருத்திப் பூவின் பாகங்களுக்கு நம் ஊரில் ஏஆர் எதற்கு? வேலியோரம் பூத்துக் கிடக்கிறது. பறித்து வந்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, சூலகத்தை லென்ஸில் பார்த்தால் உள்ளே சூல்கள் வெள்ளை மணிகளாக அடுக்கியிருக்கும். மகரந்தம் விரலில் ஒட்டும். இந்த ஒட்டுதலை எந்தச் செயலியும் தராது.

அப்புறம் ஏஆர் எதற்கு? மிகச் சிறியது, மிகப் பெரியது, மூடிக் கிடப்பது, கிட்டே போனால் ஆபத்தானது, இவற்றுக்குத்தான். முப்பந்தல் காற்றாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு இறக்கை சுற்றுவது பார்த்துப் பழகிய காட்சி. உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. பெரிய காற்றாலையில் இறக்கை நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 சுற்று சுற்றும். பற்சக்கரப் பெட்டி உள்ள வகைகளில் அதே நேரத்தில் ஜெனரேட்டர் 1,500 சுற்று வாக்கில் ஓடும். நடுவில் அந்தப் பற்சக்கரங்கள் செய்கிற வேலையைக் காட்ட ஏஆர் வேண்டும். இறக்கையைக் காட்ட வேண்டாம்.

வானவியலிலும் இப்படித்தான். ஏப்ரல் 10, 11 தேதிகளை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் நம் மாவட்டத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் 12.20 வாக்கில் மைதானத்தில் நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. முதலில் அதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். "இது ஏன் தினமும் நடக்கவில்லை?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். பூமியின் சாய்வை ஏஆரில் காட்ட அதுதான் சரியான நேரம். கேள்வி பிறக்கும் முன்பே விடையைச் சுழல விட்டால் அது வெறும் வேடிக்கையாகிவிடும்.

அடுத்த தவறு கொஞ்சம் நுட்பமானது: மாதிரியை அப்படியே உண்மை என்று நம்ப விடுவது. பல இதய மாதிரிகளில் வலப்பக்கம் நீல நிறத்தில் இருக்கும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மாதிரியைச் சுற்றி வந்துவிட்டு, "சாரே, நம்ம ரத்தத்துல பாதி நீலமா?" என்று கேட்டான். கேட்டது நல்லதாயிற்று. கேட்காத பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. அந்த நீலம், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதற்காகப் பூசியது. அட்டைப் படத்தில் நீலத்தைப் பார்த்தால் 'இது படம்' என்ற நினைவு இருக்கும். கண்முன் துடிக்கும் இதயத்தில் பார்க்கும்போது அந்த நினைவு நழுவிவிடுகிறது. ஏஆரில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டியிருப்பது இதனால்தான்.

அளவு விஷயம் இன்னும் மோசம். சூரியக் குடும்பம் முழுவதையும் ஒரு மேசையில் அடக்கும்போது தூரமும் பருமனும் தாறுமாறாகச் சுருங்கிவிடுகின்றன. இதைச் சரிசெய்ய ஒரு கணக்குப் போதும். பூமி 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள சாத்துக்குடி என்று வைத்தால், நிலா ஒரு சிறிய நெல்லிக்காய் அளவு. அது 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் இருக்க வேண்டும். சூரியன் ஏழரை மீட்டர் அகலத்தில், 800 மீட்டருக்கும் அப்பால். பிள்ளைகளே கணக்குப் போட்டு, நெல்லிக்காயை இருக்க வேண்டிய இடத்தில் வைக்கட்டும். பிறகு ஏஆரைத் திறந்து, "இந்தச் செயலி எதையெல்லாம் மாற்றிக் காட்டுகிறது?" என்று கேளுங்கள். மாதிரியின் குறையே பாடமாகிவிடும். அணுவைக் காட்டும்போதும் இதைச் செய்யலாம். கோள்களைப் போல எலக்ட்ரான்கள் வட்டமடிப்பதாகத் தவறாகக் காட்டும் செயலிகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

கைப்பொருளையும் ஏஆரையும் பிரித்து வைப்பதும் தவறுதான். எனக்கு மிகவும் பிடித்த பாடம் ரப்பர். குலசேகரம், அருமனை பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடியற்காலைப் பால்வெட்டும், சிரட்டையில் சொட்டும் பாலும், உறைய வைத்து அழுத்தி எடுக்கும் ஷீட்டும் ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும். தெரியாதது, அந்தப் பாலுக்குள் ஐசோபிரீன் என்ற சிறு மூலக்கூறு அலகுகள் கோர்த்த நீண்ட சங்கிலிகள் இருப்பது. வெயிலில் பிசுபிசுக்கும் கச்சா ரப்பர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ஏன் உறுதியாகிறது? 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது இதைத்தான். கந்தகம் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுவதை ஏஆரில் சுழற்றிப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

ஆனால் பாடத்தை அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆளுக்கொரு அகலமான ரப்பர் பேண்டைக் கொடுங்கள். கண்ணில் படாதபடி கவனமாகப் பிடித்து, வேகமாக இழுத்து உடனே மேலுதட்டில் வைக்கச் சொல்லுங்கள். இளஞ்சூடு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, தளர்த்தியதும் மறுபடி உதட்டில் வைத்தால் குளிரும். சுருண்டு கிடந்த சங்கிலிகள் நேராவதைத் திரை காட்டும். அந்தச் சூட்டை உதடுதான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே பாடவேளையில் நடந்தால் பிள்ளைகள் கேட்கிற கேள்வியின் தரமே மாறிவிடுகிறது.

தொழில்நுட்பத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஏஆர் ஓடாது. ஏஆரை ஓட வைக்கும் கூகுளின் ஏஆர்கோர் மென்பொருள் ஆதரிக்கும் போன்தானா என்று முன்கூட்டியே பாருங்கள். பளபளக்கும் டைல்ஸ் தரையிலும் வெறும் வெள்ளை மேசையிலும் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காமல் மாதிரி மிதக்கும், துள்ளும். ஒரு பழைய செய்தித்தாளை விரித்தால் போதும், நின்றுவிடும். அச்சிட்ட அட்டையைக் காட்டி இயக்கும் வகை என்றால் அதை லேமினேட் செய்யாதீர்கள். டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்தால் கேமரா அட்டையை அடையாளம் காணாது. செயலியையும் மாதிரிகளையும் முந்தின நாளே இறக்கிவையுங்கள். மழைக்காலத்தில் கரண்டையும் நெட்டையும் நம்பி வகுப்பைத் தொடங்கக் கூடாது.

ஒரே செயலியை நம்பி வருடப் பாடம் முழுவதையும் கட்டுவதும் வேண்டாம். கூகுளின் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலி 2021-ல் நிறுத்தப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பாடத்திட்டங்களும் கூடவே நின்றன. பாடத்தின் எலும்புக்கூடு உங்கள் நோட்டில் இருக்கட்டும். கேமரா திறந்திருக்கும்போது பிள்ளைகளின் முகம் பதிவாகிறதா, செயலி பெயரும் வயதும் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். 2023-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. கணக்குத் திறக்கச் சொல்லாத செயலியே வகுப்புக்கு நல்லது.

ஏஆரைப் புரொஜெக்டரில் போட்டு எல்லோருக்கும் காட்டினால் அது சினிமா ஆகிவிடும். ஒருவர் நகர, மற்றவர்கள் பார்ப்பார்கள். நாலு பேருக்கு ஒரு போன் போதும்: ஒருவர் பிடிக்க, ஒருவர் எங்கே நகர்த்துவது என்று சொல்ல, மற்ற இருவர் வரைய, பிறகு மாறிக்கொள்ளலாம். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள்; "ஆமா சாரே" என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் பதில் வரும். பார்க்கும் முன்பு தாங்கள் நினைப்பதை வரையச் சொல்லுங்கள். போனை மூடிய பிறகு பக்கத்திலேயே இன்னொரு படம் வரையச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே யாருக்கு எது புரியவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு பாடவேளையில் திரைக்கு ஏழெட்டு நிமிடம் தாராளம். மீதி நேரம் அந்த இரண்டு படங்களைப் பற்றிப் பேசவே சரியாக இருக்கும்.