பாளையங்கோட்டையில் நாலு பேர் ஆபீஸ் பிம்முக்கு மாறினால் எவ்வளவு ஆகும்?

பிம் (BIM) என்றால், தாளில் கோடு கோடாக வரைவதற்குப் பதில் சுவர், கதவு, பைப் எல்லாவற்றையும் அளவோடும் விவரத்தோடும் கம்ப்யூட்டரில் 3டி மாடலாகக் கட்டுவது; ரெவிட், ஆர்க்கிகேட் எல்லாம் அதற்கான மென்பொருள். அதற்கு மாறலாமா என்றால், லைசென்ஸ் என்ன விலை என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அது இருப்பதிலேயே சுலபமான கணக்கு, விற்பவரிடம் கொட்டேஷன் வாங்கினால் தெரிந்துவிடும். சின்ன ஆபீஸை ஆட்டிப் பார்ப்பது கொட்டேஷனில் வராத செலவுகள்தான்: பழகும் மாதங்களின் சம்பளம், நம் ஊர்ச் சுவருக்கும் நிலைக்கும் டெம்ப்ளேட் (எல்லா வேலைக்கும் தொடக்கமாக வைத்துக்கொள்ளும் அடிப்படை ஃபைல்) செய்கிற நேரம், வேலை முன்னால் ஓடி ஃபீஸ் பின்னால் வருகிற இடைவெளி. நெல்லை வண்ணாரப்பேட்டையிலோ பெருமாள்புரத்திலோ மூன்று நான்கு பேரை வைத்து ஆபீஸ் நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன், முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் சென்னை ஆபீஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

முதலில் கையில் இருக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில் போகிற வீடுகள், அதாவது 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்று இருப்பவைதான் பெரும்பாலும் என்றால், அவசரமே இல்லை. அனுமதிக்குப் போவது 2டி வரைபடம்தான், அதற்கு ஆட்டோகேட் போதும், வீட்டுக்காரருக்குக் காட்ட ஸ்கெட்ச்அப் போதும். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏசி டக்ட்டும் ஃபயர் லைனும் கேபிள் டிரேயும் ஒன்றோடொன்று இடிக்கிற வேலைகள் வருகிறதா, கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு ஃபேக்டரிக்கு கன்சல்டன்ட் மாடல் கேட்கிறாரா, அப்போது கணக்குப் போட உட்காரலாம்.

லைசென்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் விற்கிற ஆட்டோடெஸ்க் கம்பெனி 2016-இலேயே ஒரு தடவை வாங்கி எப்போதும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பதை நிறுத்திவிட்டது. ஆக ரெவிட் என்பது ஒவ்வொரு வருஷமும் வாடகை மாதிரி போய்க்கொண்டே இருக்கும், ஒரு வருஷம் வேலை குறைந்தாலும் போகும், அதனால் ஐந்து வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. பதிவு செய்தவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் என்று பதிவு செய்யாமல் இருப்பவர்களுக்கு அது முழுக்கக் கைக்காசு. ஆட்டோகேட், ரெவிட் இரண்டையும் தனித்தனியாக வாங்குவதற்கு முன், இரண்டும் சேர்ந்த ஏஇசி கலெக்‌ஷனுக்கும் ஒரு கொட்டேஷன் கேளுங்கள். ரெவிட் எல்டி விலை குறைவுதான், ஆனால் அதில் ஒரே மாடலில் இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்ய முடியாது, வெளியார் செய்த கூடுதல் கருவி (ஆட்-இன்) எதுவும் ஓடாது. தனியாளாக வீடு மட்டும் செய்கிறவருக்குச் சரி. மாடலை எப்போதாவது திறந்து பார்க்கிற முதலாளிக்கு முழு சந்தா வீண், நாள் கணக்கில் கழியும் ஃப்ளெக்ஸ் டோக்கன் போதும். அந்த டோக்கன் ஒரு வருஷத்தில் காலாவதியாகும் என்பதை மறக்க வேண்டாம். ஆர்க்கிகேட் நல்ல மென்பொருள், அதற்கும் விலை கேளுங்கள், ஆனால் நம் பக்கம் வேலை தேடி வருகிற பிள்ளைகளிடம் கேட்டால் ரெவிட்தான் தெரியும் என்பார்கள், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிளெண்டருக்குள் ஓடும் போன்சாயும் ஃப்ரீகேடும் இலவசம், விஷயம் புரிவதற்கு நல்லது, நாளைக்குக் கெடு இருக்கிற வேலையை அதில் தொடங்காதீர்கள். மாணவர் லைசென்ஸில் காசு வாங்குகிற வேலை செய்யக்கூடாது. கிராக் போட்டு ஓட்டுவதைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை, நோட்டீஸ் வரும்போது அவர்களே சொல்வார்கள்.

மிஷின் செலவில் பலரும் பயந்துபோய்க் கூடுதலாகக் கொட்டுகிறார்கள். ரெவிட்டின் பெரும்பாலான வேலைக்கு ப்ராசஸரின் ஒற்றை கோர் வேகம்தான் முக்கியம், கோர் எண்ணிக்கை இல்லை. 32 ஜிபி ரேம், நல்ல எஸ்எஸ்டி, சுமாரான கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் நம் அளவு வேலைகள் நகரும். லூமியன், என்ஸ்கேப் மாதிரி மென்பொருளில் ரெண்டரிங், அதாவது மாடலை நிஜம்போலப் படமாக்குகிற வேலை செய்கிற ஒரு மிஷினுக்கு மட்டும் பெரிய கார்டு போடுங்கள். வருமான வரியில் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு என்பதை ஆடிட்டரிடம் ஞாபகப்படுத்துங்கள். ஆபீஸுக்குள் எல்லாரும் ஒரே மாடலில் வேலை செய்ய, முழு ரெவிட் இருந்தால் உள்நெட்வொர்க்கே போதும், கிளவுடுக்குத் தனியாகக் காசு வேண்டாம். ஆனால் எல்லாரும் சேர்ந்து வேலை செய்கிற அந்தப் பொது ஃபைலை (சென்ட்ரல் ஃபைல்) கூகுள் டிரைவ் ஃபோல்டரில் வைத்து ஒத்திசைக்கக் கூடாது, ஃபைல் கெட்டுப்போகும். அப்புறம் யுபிஎஸ், வெளியே ஒரு பேக்கப். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷனும் வண்ணாரப்பேட்டையும் தண்ணீரில் நின்றதைப் பார்த்த பிறகும் தரைத்தளத்தில் மேஜைக்கடியில் சர்வர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

இனி சம்பளம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாலு பேருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய் என்று வையுங்கள். இரண்டு பேரை மட்டும் முதலில் மாற்றுகிறீர்கள், அவர்கள் பங்கு 60,000. முதல் மூன்று மாதம் பாதி வேலைதான் வெளியே வரும், அடுத்த மூன்று மாதம் முக்கால் வரும் என்று வைத்தால், 90,000-மும் 45,000-மும் சேர்த்து 1,35,000 ரூபாய் ஆபீஸ் கையிலிருந்து போகிறது. நாலு பேரையும் ஒரே நாளில் மாற்றினால் அது 2,70,000, அதோடு பழைய வேலையை முடிக்க ஆளும் இருக்காது. உங்கள் எண்களைப் போட்டு இந்தக் கணக்கைச் செய்துவிட்டு, லைசென்ஸ் கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சிக்கு ஒருவரை அனுப்பி, அவர் வந்து மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் நமக்குக் கட்டும். அப்படிப் பழகிய பையன் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வெளிநாட்டு வேலை செய்கிற கம்பெனிக்குப் போய்விடுவானே என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் இரண்டு பேர், அதற்குத்தான் டெம்ப்ளேட் ஆபீஸ் சர்வரில் இருக்க வேண்டும், அவன் லேப்டாப்பில் இல்லை.

டெம்ப்ளேட் என்று சொன்னேன், நேரத்தை அதிகம் தின்கிற இடம் இதுதான். ரெவிட்டோடு வருகிற சுவரும் கதவும் நம் ஊருடையது இல்லை. தேக்கு நிலை, சன்ஷேட், லாஃப்ட், கடப்பா ஸ்லாப், மொட்டைமாடித் தட்டோடு, பாத்ரூம் சங்கன் ஸ்லாப், எல்லாவற்றையும் ஒரு தடவை உட்கார்ந்து செய்தாக வேண்டும். சுவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 230 மி.மீ. செங்கல், உள்பக்கம் 12, வெளிப்பக்கம் 20 மி.மீ. பூச்சு என்று சுவர் செய்துவிட்டு, அளவுக்கோட்டைப் பூச்சு முகத்திலிருந்து எடுத்தால், பத்தடி அறை, அதாவது 3,048 மி.மீ., தாளில் 3,024 என்று வரும். கொத்தனாருக்கு வேண்டியது செங்கலுக்குச் செங்கல் அளவு. அவர் 3,024-க்கே கட்டி, அதன்மேல் பூசினால் அறை ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும், மாடுலர் கிச்சன்காரர் வந்து அளக்கும்போதுதான் தெரியும். சுவரை வரையும்போது லொக்கேஷன் லைனை (சுவரை எந்தக் கோட்டில் பிடித்து வரைகிறோம் என்பது) கோர் முகத்துக்கு, அதாவது செங்கல் முகத்துக்கு மாற்றி, டைமென்ஷனையும் கோர் முகத்திலிருந்தே எடுங்கள். இதுபோல இருபது முப்பது விஷயம் இருக்கிறது. இதற்கென்று ஒருவரின் சில வாரச் சம்பளத்தைத் தனி வரியாக பட்ஜெட்டில் எழுதுங்கள், புராஜெக்ட் நேரத்துக்குள் ஒளித்துவைத்தால் இரண்டும் கெடும்.

அளவு எடுப்பது தானாக வந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. கதவு ஜன்னல் ஷெட்யூல், டைல்ஸ் பரப்பு, கான்கிரீட் கன அளவு அருமையாக வரும். ஆனால் காண்டிராக்டர் பில் ஐஎஸ் 1200 (கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தரநிலை) முறையில் வருகிறது. பூச்சு வேலையில் அரை சதுர மீட்டருக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்கு ஒரு பக்கம் மட்டும்தான் கழிப்பார்கள், மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது நிலையோரப் பூச்சுக்கு ஈடாக. ரெவிட் இரண்டு பக்கமும் கழித்துவிடும். 1 மீட்டருக்கு 2.1 மீட்டர் கதவு ஒன்றுக்கு 2.1 சதுர மீட்டர் வித்தியாசம், கல்யாண மண்டபத்தில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்கிற எக்ஸெல் தாள் ஒன்று செய்து வைத்தால்தான் பில் நேரத்தில் சைட்டில் சண்டை வராது.

அடுத்தது பணம் வருகிற வரிசை. பிம்மில் உழைப்பு முன்னால் வந்துவிடுகிறது, ஒர்க்கிங் டிராயிங் கட்டத்தில் செய்கிற யோசனையை டிசைன் கட்டத்திலேயே செய்தாக வேண்டும். நம் ஃபீஸோ பழைய படிக்கட்டிலேயே வருகிறது. வாடிக்கையாளருக்கு அந்த நேரத்தில் கையில் தாளும் இல்லை, சைட்டில் வேலையும் இல்லை. "என்ன தம்பி, மூணு மாசமா கம்ப்யூட்டருக்குள்ளயே கெட்டிக்கிட்டு இருக்கிய, நம்ம மனையில எப்பக் கெட்டப் போறிய?" என்று அண்ணாச்சி கேட்டால் பதில் வேண்டும். ஆகவே ஒப்பந்தத்திலேயே டிசைன் கட்டத்தின் பங்கைக் கூட்டி, ஒர்க்கிங் டிராயிங் பங்கைக் குறைத்து எழுதுங்கள், மொத்தம் மாற வேண்டியதில்லை. மாடலை லேப்டாப்பில் திறந்து வாரம் ஒரு தடவை சுற்றிக் காட்டினால் அந்தப் பணத்தைக் கேட்கவும் வாய் வரும். முதல் புராஜெக்டுக்கு மூன்று மாதச் சம்பளம் கையிருப்பில் இல்லையென்றால் தொடங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரும் எம்இபி-காரரும் (ஏசி, கரண்ட், பிளம்பிங் பார்ப்பவர்) ஆட்டோகேடிலேயே இருந்தால் அவர்களுடைய பீமையும் பைப்பையும் நீங்கள்தான் மாடலில் போட வேண்டியிருக்கும். அது உங்கள் ஆள் நேரம், அதற்குத் தனித் தொகை கேளுங்கள், தயக்கம் வேண்டாம். அவர்களும் ரெவிட் என்றால் எந்த வருஷப் பதிப்பு என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள், புதியதில் சேமித்த ஃபைல் பழையதில் திறக்காது, கீழே இறக்கிச் சேமிக்கவும் வழி இல்லை. வேறு மென்பொருள்காரர்களோடு ஐஎஃப்சி ஃபைலில் (பிம் மென்பொருள்களுக்கான பொது ஃபைல் வடிவம்) பரிமாறலாம், பார்ப்பதற்கும் எது எதோடு இடிக்கிறது என்று பிடிப்பதற்கும் நன்றாக இருக்கும், அதிலேயே திருத்தி வேலை செய்யலாம் என்று நம்பாதீர்கள்.

கடைசியாக, காண்டிராக்டர் "அந்த 3டி ஃபைலைக் குடுங்க சார்" என்று கேட்பார். உங்கள் டெம்ப்ளேட் முழுக்க அதற்குள் இருக்கிறது. எதைக் கொடுப்பீர்கள், பிடிஎஃப்பா ஐஎஃப்சியா அசல் ஃபைலா, தாளுக்கும் மாடலுக்கும் அளவு மாறினால் எது செல்லும், அசலுக்கு எவ்வளவு தொகை என்பதை ஒப்பந்தத்தில் இரண்டு வரியில் எழுதி, வேலை தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.