டிப்ளமா வேற, யூசி தகுதி வேற: கலிஃபோர்னியா ஹைஸ்கூல்ல கோர்ஸ் எடுக்குறது எப்படி

கலிஃபோர்னியால பிள்ளை ஹைஸ்கூல் முடிச்சா காலேஜுக்கும் தானா தகுதி வந்துடும்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லங்க. டிப்ளமாவுக்கு, அதாவது ஹைஸ்கூல் முடிச்சதுக்கான சர்டிஃபிகேட்டுக்கு, ஒரு லிஸ்ட். யூசிக்கும் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) கால் ஸ்டேட்டுக்கும் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ஏ-ஜின்னு (A-G, ஏழு வகைப் பாடங்கள்) தனி லிஸ்ட். 9ஆம் கிளாஸ் கோர்ஸ் செலக்ட் பண்றதுக்கு முன்னாடியே ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

டிப்ளமாவுக்கு ஸ்டேட் சொல்ற மினிமம்ல இங்கிலீஷ் 3 வருஷம், மேத்ஸ் 2 வருஷம் இருந்தாலே போதும் (உங்க டிஸ்ட்ரிக்ட் அதுக்கு மேல கேக்கலாம், வெப்சைட்ல பாத்துக்கோங்க). ஏ-ஜில இங்கிலீஷ் 4, மேத்ஸ் 3, ஹிஸ்டரி 2, சயின்ஸ் 2, வேற மொழி 2, ஆர்ட்ஸ் 1, எலெக்டிவ் 1, ஆக மொத்தம் ஒரு வருஷ கோர்ஸா 15, யூசிக்கு அதுல 11 கோர்ஸ் 12ஆம் கிளாஸுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். மேத்ஸ்ல அல்ஜீப்ரா 2 வரைக்கும் போகணும், நடுவுல ஜியாமெட்ரிய விட்டுடக் கூடாது. டிப்ளமாவுக்கு 2 வருஷம் கட்டாயமா எடுக்குற பிஇ (உடற்கல்வி) இந்தக் கணக்குலயே வராது.

பெரிய சிக்கல் கிரேடுலதான். 'டி' வாங்கினாலும் ஸ்கூல்ல பாஸ், கிரெடிட்டும் வந்துடும், அதனால யாரும் கூப்பிட்டு எதுவும் சொல்ல மாட்டாங்க, ஆனா ஏ-ஜிக்கு குறைஞ்சது 'சி' வேணும். அதனால ஒவ்வொரு செமஸ்டர் முடிவுலயும் டிரான்ஸ்கிரிப்ட (மார்க் ஷீட்) எடுத்துப் பாருங்க, 'டி' இருந்தா அடுத்த சம்மர்லயே திரும்ப எடுக்க வைங்க. மேத்ஸ்லயும் மொழிலயும் மட்டும் ஒரு சலுகை இருக்கு, ஸ்பானிஷ் 1ல சறுக்கிட்டு ஸ்பானிஷ் 2ல 'சி' வாங்கிட்டா முதல் வருஷமும் சரியாயிடும். ஹிஸ்டரில அந்தக் கதை நடக்காது.

மொழின்னதும் நம்ம வீட்ல தமிழ் பேசுறோமே, அது போதாதான்னு கேப்பீங்க. வீட்ல பேசுறது மட்டும் கணக்குல வராது. ஊர்ல மிடில் ஸ்கூல் வயசுல ரெண்டு வருஷம் தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்த பிள்ளைன்னா ஸ்கூல்ல கோர்ஸுக்கு வழிகாட்டுற கவுன்சிலர்கிட்ட கட்டாயம் கேளுங்க, வழி இருக்கு. இங்கிலீஷ் மீடியம்னா இந்த வழி கிடையாது, நம்மள்ல பாதிப் பேர் அந்த கேஸ்தான்.

கோர்ஸோட பேர மட்டும் பாத்து நம்பாதீங்க. சயின்ஸ்னு பேர் இருந்தாலும் யூசி அப்ரூவ் பண்ணலன்னா கணக்குல சேராது, ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அப்ரூவ்டு லிஸ்ட் ஆன்லைன்ல இருக்கு, அதுல தேடிட்டு அப்புறம் சைன் பண்ணுங்க.

ஜிபிஏவுக்கு (கிரேடுகளோட சராசரி) யூசி பாக்குறது 10, 11ஆம் கிளாஸ் ஏ-ஜி கோர்ஸ் மட்டும்தான், கலிஃபோர்னியா பிள்ளைங்களுக்கு 3.0 மினிமம். மினிமம் இருந்தா நல்ல கேம்பஸ் கிடைச்சிடும்னு மட்டும் கனவு காணாதீங்க. எஸ்ஏடிங்கிற காலேஜ் நுழைவுத் தேர்வு ஸ்கோர யூசி அட்மிஷனுக்குப் பாக்குறதே இல்ல, அந்தக் கோச்சிங் காச இதே கிளாஸுங்களுக்கு டியூஷனா போடுங்க.

அட்மிஷன் வந்தப்புறம் 12ஆம் கிளாஸ்ல கஷ்டமா இருக்குன்னு ஒரு கோர்ஸ டிராப் பண்ணா அத யூசிக்கு உடனே சொல்லணும், அங்க 'டி' விழுந்தாலும் சொல்லணும், மறைச்சா ஃபைனல் டிரான்ஸ்கிரிப்ட் போறப்ப சீட்டே கேன்சல் ஆகலாம்.