கோலாலம்பூரில் சொகுசு கொண்டோ (அடுக்குமாடி வீடு): முதலில் வாடகை, பிறகு விலை

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரை நெடுக மலேசியாவில் சொந்தக்காரர் உள்ள வீடுகள் ஏராளம். அதனாலேயே கோலாலம்பூரில் வீடு என்றால் "மச்சான் பார்த்துக்குவார்" என்று பலர் இறங்கிவிடுகிறார்கள். மச்சான் வீட்டைப் பார்ப்பார். வங்கி, வரி, பத்திரம் மூன்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்த விளக்கம் ஊரிலிருந்து இந்தியாவில் வரி கட்டுகிறவர்களுக்கு. வெளிநாட்டில் பிழைக்கும் சபுராளிகளுக்கு விதி வேறு: வெளிநாட்டில் குடியிருக்கும்போது அங்கே சம்பாதித்து வாங்கிய சொத்தை ஊர் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ளலாம்.

படி 1: ஓராண்டு வாடகைக்கு இருங்கள்

வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தாலும் இதைத் தாண்ட வேண்டாம். கே.எல்.சி.சி., மோண்ட் கியாரா, பங்சார் மூன்றுமே பணக்காரப் பகுதிகள்தான், ஆனால் குடியிருக்கும் அனுபவம் ஒன்றுபோல இராது.

மாத வாடகை 5,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகக் கேட்பது: முன்பணம் 2 மாதம், மின்சாரம்-தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. ஆக 17,500 ரிங்கிட் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியாக வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையில் 250 ரிங்கிட்டுக்கு 1 ரிங்கிட், அதாவது இங்கே 240 ரிங்கிட். முத்திரை இல்லாத தாள் நீதிமன்றத்தில் செல்லாது. முன்பணத் தகராறு வரும்போதுதான் இது உறைக்கும்.

இரண்டாண்டு ஒப்பந்தம் போட்டால், ஓராண்டு முடிந்ததும் 2 மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்ற பிரிவைக் கேட்டு வாங்குங்கள். சாவி வாங்கும் நாளில் ஏசி, சுவர், குளியலறை, அலமாரி என எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். ஏசி சர்வீஸ் செலவு பெரும்பாலும் குடியிருப்பவர் தலையில்தான் விழும்; ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

படி 2: கட்டடத்தைப் படியுங்கள்

பிற்பகல் 4 மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் என்றால் ஏசி பில் என்னவாகும் என்று அப்போது தெரியும். மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை போய், பால்கனிக் கதவின் அடியிலும் சன்னல் மூலைகளிலும் பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லாபியில் பெட்டியோடு ஆட்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தால் அது தினவாடகைக் கட்டடம். லிஃப்டுக்குக் காத்திருப்பதே ஒரு வேலையாகிவிடும். விளம்பரத்தில் 3ஏ, 13ஏ என்று மாடி எண் இருந்தால் குழம்ப வேண்டாம், சீனர்கள் 4-ஐத் தவிர்ப்பதால் வந்த எண் அது.

பராமரிப்புக் கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் கேளுங்கள். 1,500 சதுர அடி, அடிக்கு 50 சென் என்றால் மாதம் 750 ரிங்கிட், அதன்மேல் பெரும்பழுது நிதிக்கு 10 சதவீதம், மொத்தம் 825. வீடு பூட்டிக் கிடந்தாலும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டும். எத்தனை வீட்டுக்காரர்கள் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று நிர்வாக அலுவலகத்தில் விசாரியுங்கள். நீச்சல்குளம் பச்சை பிடித்துக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பாக்கிதான்.

படி 3: பணம் போகும் வழி

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கோலாலம்பூரில் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரிங்கிட். இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது 2,50,000 டாலர். அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்து அது ஏறக்குறைய 10 லட்சம் ரிங்கிட்தான். வீட்டு விலைக்கே இழுபறி, மேற்செலவுக்கு எங்கே போவது?

12 லட்சம் ரிங்கிட் வீட்டுக்குக் கணக்கு: வெளிநாட்டவருக்கு முத்திரை வரி 8 சதவீதம், 96,000. (2025 வரை 4 சதவீதமாக இருந்தது, 2026 ஜனவரி 1 முதல் இரட்டிப்பு. பழைய கணக்குச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள்.) வழக்கறிஞர் கட்டணம் 13,250, அதன்மேல் சேவை வரி. மொத்தம் 13.1 லட்சம் ரிங்கிட்டைத் தொடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து, இருவர் பெயரிலும் வாங்கலாம். அல்லது ஒப்பந்தத் தேதியை ஜனவரி-பிப்ரவரி வாக்கில் அமைத்து, மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் மீதியும் அனுப்பலாம்.

அடுத்தது டி.சி.எஸ்., அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி. ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் பிடிக்கும். 1.3 கோடி அனுப்பினால் 24 லட்சம் தனியாகப் போகும். வருமான வரி ரிட்டர்னில் இதைக் கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டும் வாங்கலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கும். வீட்டு விலைக்கென வைத்த பணத்தில் இதை எடுத்தால் ஒப்பந்தக் கெடு தவறும்.

வங்கிக் கணக்கு ஓராண்டு பழையதாக இருக்க வேண்டும். புதியதென்றால் முந்தைய வங்கி அறிக்கையோ ரிட்டர்ன் நகலோ கேட்பார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தில் வெளிநாட்டு மனை, வீட்டு முதலீட்டுக்கான குறியீடு எஸ்0005.

உண்டியலில் (ஹவாலாவில்) பணம் அனுப்புவது வேண்டவே வேண்டாம். கறுப்புப் பணச் சட்டத்தில் மாட்டினால் சொத்து மதிப்பில் 30 சதவீதம் வரி, அந்த வரியைப் போல் மூன்று மடங்கு அபராதம். கூட்டிப் பாருங்கள்: 120 சதவீதம்.

படி 4: வாங்குவது

ஏஜென்டின் பதிவு எண்ணை மலேசிய மதிப்பீட்டாளர், சொத்து ஏஜென்டுகள் வாரியத்தின் (LPPEH) தளத்தில் சரிபாருங்கள். புக்கிங் பணம் வழக்கமாக 2 முதல் 3 சதவீதம். அதை நிறுவனக் கணக்கில் மட்டும் போடுங்கள், தனிநபர் கணக்கில் போடாதீர்கள். உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வையுங்கள். அவர் நில அலுவலகத்தில் தேடிச் சொல்ல வேண்டியவை: நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையில் மீதம் எத்தனை, வீட்டுக்குத் தனிப்பட்டா வந்துவிட்டதா, கார் நிறுத்துமிடம் அதில் சேர்ந்திருக்கிறதா. மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒப்பந்தம் போடும்போது மொத்தம் 10 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். மீதி 90 சதவீதத்துக்குப் பொதுவாக 3 மாதம், வட்டியோடு இன்னும் ஒரு மாதம். வெளிநாட்டவர் வாங்க அரசு ஒப்புதல் தேவை. கெடு அந்த ஒப்புதல் வந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்று எழுதி வாங்குங்கள். படி 3-ல் சொன்ன மார்ச்-ஏப்ரல் திட்டமும் இதைப் பொறுத்தது. வீடு வாங்கினால் விசா வராது. அதற்குத் தனித் திட்டமும் வைப்புத்தொகையும் உண்டு.

படி 5: வாங்கிய பிறகு

வாடகைக்கு விட்டால், மலேசியாவில் குடியிராதவருக்குச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 30 சதவீதம் வரி. அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. வாடகை வராவிட்டாலும், இந்திய ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒவ்வோர் ஆண்டும் வீட்டைக் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விழலாம்.

ஐந்தாண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் மலேசிய அரசுக்கு, அதன் பிறகு 10 சதவீதம். ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாதவர் வாடகையோடு நிற்பது நல்லது. விற்ற பணத்தை மறுபடி முதலீடு செய்யவில்லை என்றால் 180 நாளுக்குள் இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது எங்கிருந்து போன பணம் என்று வங்கி கேட்கும்; ஏ2 நகல், பணம் அனுப்பிய ரசீது, ஒப்பந்தம், முத்திரைச் சான்று நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள்.