பூட்டனைத் தேடிப் போகிறீர்களா? முதலில் காணிக் கதையைப் பேசி முடியுங்கள்

மலாயாவில் ரயில்வே வேலை பார்த்த என் பூட்டனைத் தேடி இந்த ஆடியில் யாழ்ப்பாணம் போனேன். மூன்று கிழமை லீவு. அதில் பாதிக்கு மேல் ஒரு தகரப் பெட்டிக்கு முன்னால் போய்விட்டது.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது கல்வெட்டு. அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுப்போமே, அதுதான். நூலகம் (noolaham.org) இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்கள் நிறைய உண்டு. பூட்டனுடையது இல்லாவிட்டாலும் சகலனுடையது அகப்படலாம். வம்ச வரலாறு அதிலும் இருக்கும். நான் திரும்பி வந்த பிறகுதான் இதைப் பார்த்தேன்.

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் தொடங்கியது. ஆனால் கந்தோரில் பெயரும் திகதியும் கேட்பார்கள். அம்மம்மா வாயில் அவர் 'சின்னத்தம்பி'. பதிவில் அப்படி ஒருவரும் இல்லை, அது வீட்டில் கூப்பிட்ட பெயர். பிறந்தது 'பெரிய வெள்ளம் வந்த வருசம்'. மூன்றாம் முறை போனபோது எழுதுவினைஞர் நிமிராமலே, "எந்த வெள்ளம் ஐயா?" என்றார்.

கிறிஸ்தவக் குடும்பமென்றால் கொஞ்சம் லேசு. அமெரிக்க மிஷன் 1816 இல் வந்தது. தேவாலயங்களில் ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஞானஸ்நானப் பெயரிலும் தேடுங்கள். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான விசுவநாதபிள்ளைக்கு முன்னால் 'கரோல்' நிற்பது அப்படித்தான். சைவர்களுக்குத் தேடிப் போகக் கல்லறையும் இல்லை.

மிஞ்சுவது காணி உறுதிப் பத்திரம்தான். பழைய உறுதியில் தகப்பன் பெயர், சீதனமா பரம்பரையாய் வந்த முதுசொமா, நாலு எல்லையிலும் யாருடைய காணி என்பதெல்லாம் இருக்கும். நொத்தாரிசு ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அதைத் தேடியெடுக்க உறுதி இலக்கம் இருந்தால் நல்லது. இலக்கம் பெட்டிக்குள். பெட்டி பெரியம்மாவின் மகனிடம்.

"தம்பி, முதல்லை அற்றோணித் தத்துவத்திலை ஒரு கையெழுத்துப் போடு. பிறகு திறப்பம்."

காணி அலுவலை என் சார்பில் அவர் பார்க்க நான் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் அது. எனக்குக் காணி வேண்டாம், பெயர்தான் வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. லண்டனிலிருந்து ஒருவன் காசு செலவழித்து வந்து செத்துப்போன கிழவனின் பெயரைக் கேட்டால் யார்தான் நம்புவார்கள்? நாலு பரப்புக் காணி, பாதி வேலியும் பாழடைந்த கிணறும். தினமும் போனேன். தினமும் தேத்தண்ணி வந்தது, திறப்பு வரவில்லை. ஒருநாள் அண்ணி பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு, "95 இடப்பெயர்விலை இந்தப் பெட்டியைச் சைக்கிள் கரியரிலை கட்டித்தான் நாவற்குழிப் பாலம் தாண்டினவர். பின்னாலை ஏறவேண்டிய மாமியை நடக்க விட்டவர்" என்றார். மாமி என்றால் என் பெரியம்மா. அந்த வருசம் நான் ஈஸ்ட்ஹாமில் பெற்றோல் செட்டில் இரவு வேலை. அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி நான் குரலை உயர்த்தவில்லை.

ஆகவே, உறவினர் வீட்டுக்குப் போன முதல் நாளே காணியில் உங்களுக்கு என்ன நினைப்பென்று சொல்லிவிடுங்கள். பூட்டன், பூர்வீகம் என்று தொடங்காதீர்கள். விற்கும் எண்ணம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். எதிலும் அவசரத்துக்குக் கையெழுத்துப் போடாமல், உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புவதானால் இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்க வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் பெட்டி திறந்தது. அவர் கேட்ட பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு லண்டன் போனதும் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அடியில், மடிப்பில் கிழிந்த ஒரு கடதாசி. கோலாலம்பூரிலிருந்து பூட்டன் தன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம், இதே நாலு பரப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி. முழுப்பெயர், தகப்பன் பெயர், உத்தியோகம் எல்லாம் இருந்தன. பழைய கடதாசியைப் படமெடுக்கும்போது முத்திரையையும் பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். நான் பின்பக்கத்தை விட்டுவிட்டேன்.

அண்ணையிடம் கேட்டால் எடுத்து அனுப்புவார். ஆனால் அவருக்கு அனுப்பவேண்டியதை நான் இன்னும் அனுப்பவில்லை.