பாலிஷ் மெஷினின் கரகரப்பு

காருக்குப் பாலிஷ் போடும் ரோட்டரி மெஷின் ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். போன மாதம் அதன் தலைப்பகுதி கை வைக்க முடியாதபடி சுட்டது. கூடவே வெறும் அம்மியில் குழவி உருள்வது போன்ற கரகரப்பு. மோட்டார் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலையிலுள்ள நான்கு திருகுகளைக் கழற்றினேன். உள்ளே கிரீஸ், காய்ந்த பழம்புளியைப் போல் கறுத்து ஓரங்களில் ஒட்டிக் கிடந்தது. பல்சக்கரத்தில் பட வேண்டியது சுவரில் இருந்தால் என்ன பயன்? பழைய டூத் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்து, நன்றாக உலரவிட்டேன். நல்லவேளை, பற்கள் தேயவில்லை.

புதிய லித்தியம் கிரீஸைப் பற்களின் இடுக்குகளில் தடவி, பல்சக்கரம் இருக்கும் அறையில் பாதிக்கும் குறைவாகவே வைத்தேன். முன்பு ஒருமுறை தாராளமாக அப்பியதில், அது சூடேறிக் கசிந்து, அண்ணனின் வெள்ளைக் காரில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டுகளான கார்பன் பிரஷ்கள் 5 மி.மீ. நீளமே மிஞ்சும் அளவுக்குத் தேய்ந்திருந்தன, ஜோடியாகவே மாற்றினேன். காற்றுத் துளைகளை அடைத்திருந்த கம்பளிப் பஞ்சையும் எடுத்தேன். பிறகு குறைந்த வேகத்தில் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டேன். கரகரப்பு போய், விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.