வேலை மேசையும் மாலைப் பொழுதுபோக்கும்: ஐடிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலூரில் இருந்தபடியே வேலை பார்ப்பவர்கள் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் நிறையப் பேர். ஆபீஸில் மேசை நாற்காலியை யாரோ பார்த்துப் போட்டிருப்பார்கள். வீட்டில் அது நம் பொறுப்பு. பலரும் முதலில் ஒரு விலையுயர்ந்த நாற்காலியை ஆர்டர் செய்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் முதலில் அளக்க வேண்டியது மேசையை.

கடையில் கிடைக்கும் மேசைகளும் சாப்பாட்டு மேசைகளும் பெரும்பாலும் 29, 30 அங்குல உயரம். 5 அடி 4 அங்குலம் உள்ள ஒருவர் பாதம் தரையில் படிய உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், அது தரையிலிருந்து ஏறக்குறைய 25, 26 அங்குலத்தில் நிற்கும். கீபோர்டு இருக்க வேண்டிய உயரம் அதுதான். மிச்சமுள்ள நான்கு அங்குலத்தைத் தோள் சுமக்கிறது. நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடியே டைப் செய்துவிட்டு, கழுத்து வலிக்குத் தலையணையைக் குறை சொல்கிறோம். நாற்காலியை ஏற்றினால் முழங்கை சரியாகிவிடும், ஆனால் கால் தொங்கும். தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். அதற்குக் காலடியில் ஒரு பலகையோ மணையோ போட்டால் போதும். மர மேசையாக இருந்தால் ஆசாரியிடம் சொல்லிக் காலையே அறுத்துவிடலாம். நாற்காலி விலையோடு பார்த்தால் அந்தக் கூலி பெரிதில்லை.

அடுத்தது லேப்டாப். திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால் கைக்குச் சரியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்குச் சரியாக வைத்தால் கை தூக்கும். இரண்டுக்கும் நடுவே சமரசம் தேடுவது வீண். தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பை நாலு தடிப் புத்தகங்களின் மேல் ஏற்றிவிடுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். தூரம் கை நீட்டும் அளவு. நாற்பதைத் தாண்டி, மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று ஒரே கண்ணாடி போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். திரை உயரமாக இருந்தால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்குவார்கள். அவர்கள் திரையை இன்னும் இறக்க வேண்டும்.

வேலூர் வெயிலை மறந்து அறையைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. மொட்டை மாடியில் கட்டிய ஒற்றை அறை அமைதியாக இருக்கும், மீட்டிங்குக்கு வசதி என்று போய் உட்கார்வார்கள். மே மாதத்தில் அந்தத் தளம் இரவு பத்து மணிக்கும் சூடு கக்கும். ரெக்சின் போர்த்திய கேமிங் நாற்காலியும் இந்த ஊருக்கு ஒத்துவராது. முதுகுப்பக்கம் வலை போட்டதுதான் நல்லது. ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பளபளப்பு, எதிரே இருந்தால் கண்கூச்சம். பக்கவாட்டில் இருக்கட்டும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது, அதோடு ஃபேன் காற்றும் ஏசி காற்றும் நேராக முகத்தில் அடித்தால் கண் வறண்டு எரியும். காற்றின் திசையை மாற்றிப் பாருங்கள், சொட்டு மருந்தைப் பிறகு யோசிக்கலாம்.

நின்றபடி வேலை பார்க்கும் மேசை வாங்கியவர்கள் நாள் முழுக்க நிற்கக் கூடாது. அதுவும் ஒரே நிலைதான். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மேசை சரியாகிவிட்டது, சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்பும் மூடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்? நல்ல பொழுதுபோக்கு வேலையின் அலுப்பைப் போக்கும் என்பது உண்மை. ஆனால் ஆறு மணிக்கு மேல் வேறு மணிக்கட்டையோ வேறு கண்களையோ யாரும் மாட்டிக்கொள்வதில்லை. டேப்லெட்டில் ஓவியம், வீடியோ எடிட்டிங், இசைக் கோவை என்று அதே நாற்காலியில் அதே மவுஸைப் பிடித்தபடி இன்னும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், மனதுக்குத்தான் மாற்றம், உடம்புக்கு ஓவர்டைம்.

சில பொழுதுபோக்குகள் வெளியில் நடப்பவை போலத் தோன்றி ஏமாற்றும். ஜவ்வாது மலையில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் பக்கம் இரவு இருட்டு நன்றாக இருக்கும். நட்சத்திரப் படம் எடுக்க ஆசைப்படுபவர்களுக்குத் தோதான மலை. ஆனால் ஒரு இரவில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி ஒன்றாக்க, அடுத்த பல இரவுகள் கணினி முன்னால் போகும். வெறும் கண்ணாலும் பைனாகுலராலும் வானம் பார்ப்பதற்கு அந்த வேலை கிடையாது. வேலூர்க் கோட்டைக்கும் இதே கதைதான். உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்து யாளித் தூண்களைப் போனில் படமெடுத்து வந்து, வீட்டில் திரையைப் பார்த்து வரைகிறார்கள். தூண்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து நோட்டில் வரைந்தால் கண் தூரத்துக்கும் தாளுக்கும் மாறி மாறிப் போகும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தை இருபது விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வது அங்கே கணக்குப் பார்க்காமலே நடந்துவிடும்.

வாத்தியம் கற்க விரும்புபவர்கள் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெருக்கூத்து மண். பாரதக் கதையைக் கூத்தாக நடத்தும் ஊர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு மிருதங்கத்திலோ ஆர்மோனியத்திலோ ஆசை வருவது இயல்பு. ஏற்கெனவே மணிக்கட்டு வலி உள்ளவருக்கு மிருதங்கம் அதே நரம்பு, அதே தசைநார்களைத்தான் மறுபடி உழைக்க வைக்கும். ஆர்மோனியமும் விரல் வேலைதான், அதிலும் தரையில் குனிந்தபடி. பாட்டோ ஆட்டத்தின் அடவோ கற்றுக்கொண்டால் மூச்சும் காலும் வேலை செய்யும், கை ஓய்வெடுக்கும். வாத்தியம்தான் வேண்டும் என்றால் முதல் மாதங்களில் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வாசிக்காதீர்கள். இன்னொன்று: இரவு முழுக்கக் கூத்துப் பார்த்துவிட்டு காலை ஒன்பதரை மீட்டிங்கில் உட்கார்வது வீரம் ஆகாது. லீவு போடுங்கள்.

கற்கத் தொடங்கிய கையோடு சேனல் ஆரம்பிப்பதும் வேண்டாம். வாரம் ஒரு வீடியோ என்று வந்துவிட்டால் அதற்கும் கெடு, அதற்கும் எண்ணிக்கை, அதற்கும் எடிட்டிங். ஐடி வேலையே இன்னொரு பெயரில் திரும்பி வந்த மாதிரி.

கடைசியாக, வலியை ஒத்திப்போடும் பழக்கம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் பல சமயம் பிரச்சினை முழங்கையில் இருக்கும். நாற்காலிக் கைப்பிடியிலோ மேசை விளிம்பிலோ ஊன்றி ஊன்றி வருவது. தைலம் தேய்த்து மாதக் கணக்கில் ஓட்டாதீர்கள், வேலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? டாக்டரிடம் போனால் ‘ஐடி வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவில் எவ்வளவு நேரம் மிருதங்கம் வாசிக்கிறீர்கள், எவ்வளவு நேரம் படம் எடிட் செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.