“உங்க பேர்ல டாட் காம் வேற ஒருத்தர் கேக்கறாங்க சார்”: இந்த போன் வந்தால் என்ன செய்வது?

சின்னதாக ஒரு தொழில் நடத்துகிறீர்கள். கடைப் பேரில் ஒரு டாட் இன் டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்கி, நாலு பக்கத்தில் வெப்சைட்டும் போட்டாயிற்று. வியாபாரம் சூடாக ஓடும் நேரமாகப் பார்த்து ஒரு போன் வருகிறது. பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“வணக்கம் சார், டொமைன் ரிஜிஸ்ட்ரேஷன் டிபார்ட்மென்ட்லருந்து பேசறோம். கொங்குநெசவு டாட் இன் உங்களோடதுதானே?”

“ஆமாங்க, நம்மளதுதானுங்க.”

“அதே பேர்ல டாட் காம் கேட்டு ஒரு பார்ட்டி இன்னிக்குக் காலைல அப்ளை பண்ணியிருக்காங்க சார். நீங்க ஏற்கெனவே பேரை வச்சிருக்கறதால முதல் உரிமை உங்களுக்குத்தான். பத்து வருஷத்துக்கு உங்க பேர்ல லாக் பண்ணிடட்டுமா? வேணாம்னா அவங்களுக்கு ரிலீஸ் பண்ணிடுவோம். அரை மணி நேரம்தான் ஹோல்ட்ல வைக்க முடியும்.”

“அவங்க யாருங்க?”

“அது கான்ஃபிடென்ஷியல் சார். ஆனா உங்க லைன்தான், ஜவுளி.”

அந்தக் கடைசி வரியில்தான் ஆள் விழுவார். எதிர்க்கடைக்காரர் முகம் உடனே மனதில் வந்துவிடும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சிறு வணிகர்களைப் பிடிக்கப் பல வருடமாக ஓடும் பழைய உத்தி இது. இங்கே கொஞ்சம் உருமாறி வருகிறது. எப்படிச் சமாளிப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம். கம்ப்யூட்டர் அறிவு பெரிதாக வேண்டாம். போனில் பிரவுசர் திறக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரே ஒரு விஷயம் புரிய வேண்டும்

டொமைன் என்பது முதலில் வந்தவருக்கு முதலில். டாட் காம் பட்டியலை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம் வைத்திருக்கிறது. டாட் இன் பட்டியல் இந்தியாவின் நிக்ஸி அமைப்பிடம் இருக்கிறது. நமக்கு விற்பவர்கள் ரிஜிஸ்ட்ரார்கள். யாராவது ரிஜிஸ்ட்ரார் தளத்தில் பேரைத் தட்டி, காசு கட்டினால், சில நொடிகளில் பேர் அவருடையது. நடுவில் “அப்ளிகேஷன்” பரிசீலனை என்று ஒன்றும் இல்லை. அதே பேரை டாட் இன்னில் வைத்திருப்பவருக்குப் போன் போட்டுச் சம்மதம் கேட்கும் வழக்கமும் இல்லை.

அப்படியானால், உண்மையிலேயே ஒருவர் உங்கள் பேரில் டாட் காம் கேட்டிருந்தால், போன் வருவதற்குள் அது அவர் கைக்குப் போயிருக்கும். போன் வந்தபோதும் அந்தப் பேர் காலியாக இருக்கிறது என்றால், கேட்ட ஆள் என்று யாருமே இல்லை என்றுதான் பொருள். முழுக் கதையும் இங்கேயே உடைந்துவிடுகிறது.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. டிரேட்மார்க் பதிவு செய்தவர்கள் அதை ‘டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸ்’ என்ற சர்வதேசப் பட்டியலில் பணம் கட்டிச் சேர்த்திருந்தால், புதிய வகை டொமைன்களில் அந்தப் பேரை யாராவது எடுத்தபின் தகவல் வரும். நீங்கள் அதில் சேர்ந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தத் தகவலும் அரை மணி நேரக் கெடுவோடு போனில் வராது.

படி 1: போனில் “சரி” என்ற வார்த்தையே வேண்டாம்

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். எதிரில் இருப்பவர் பேசும்போது காது கொடுக்கிறோம் என்று காட்ட “ம்ம்… சரி… சரிங்க…” என்று சொல்லிக்கொண்டே இருப்போம். இந்த போனில் அதுதான் ஆபத்து. பேச்சு ரெக்கார்ட் ஆகும். பிறகு “நீங்கள் வாய்மொழியாக ஆர்டர் கொடுத்துவிட்டீர்கள்” என்று பில் அனுப்புவார்கள். கட்டாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுவார்கள். பிரிட்டனில் இந்த வகைப் போன்களின் வழக்கமான இரண்டாம் காட்சி இதுதான்.

ஆகவே ஒரே வாக்கியம்: “எனக்கு எதுவும் வேண்டாம், நான் எந்த ஆர்டரும் கொடுக்கவில்லை.” சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். யார், எந்த ஊர் என்று துருவ வேண்டாம். விவாதம் நீளநீள அவர்களுக்குத்தான் லாபம், அதற்கென்றே பழகியவர்கள்.

ஓடிபி சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘ஆத் கோட்’ அல்லது ‘ஈபிபி கோட்’ என்று கேட்டால் தரவே கூடாது. டொமைனை ஒரு ரிஜிஸ்ட்ராரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றும் சாவி அது.

கல்லாவில் பையனோ வீட்டம்மாவோ இருக்கும்போதும் போன் வரும். “முதலாளி ஓகே சொல்லிட்டார், பேமென்ட் மட்டும்தான் பாக்கி” என்பார்கள். டொமைன், வெப்சைட், கூகுள் லிஸ்டிங் என்று யார் பேசினாலும் பணம் அனுப்ப வேண்டாம் என்று இன்றைக்கே கடையில் சொல்லிவையுங்கள்.

படி 2: பேர் காலியா என்று நீங்களே பாருங்கள்

டாட் காம் போன்றவற்றுக்கு, உலக டொமைன் முறையை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பே ‘ஐகேன் லுக்கப்’ என்ற இலவசப் பக்கம் வைத்திருக்கிறது. டாட் இன்னுக்கு நிக்ஸியின் ரிஜிஸ்ட்ரி தளத்தில் ‘ஹூஇஸ்’ தேடல் இருக்கிறது. பேரை டைப் செய்து தேடுங்கள்.

பதிவு எதுவும் இல்லை என்று வந்தால், பெரும்பாலும் பேர் காலி. பதிவு வந்தால் மூன்று வரிகளைப் படித்தால் போதும்: ‘கிரியேட்டட்’ என்ற இடத்தில் முதலில் பதிவான தேதி, ‘எக்ஸ்பைரி’யில் முடியும் தேதி, ‘ரிஜிஸ்ட்ரார்’ என்ற இடத்தில் விற்றவர் பேர். “இன்றைக்குக் காலையில் அப்ளை பண்ணியிருக்காங்க” என்று சொல்லப்பட்ட டாட் காமுக்கு ஆறேழு வருடம் முந்தைய தேதி இருந்தால், அது எப்போதோ வேறொருவருக்குப் போன பேர். போன் செய்தவரால் அதை உங்களுக்குத் தரவே முடியாது. காசு மட்டும் வாங்கிக்கொள்வார்.

உரிமையாளர் பேர் பெரும்பாலும் மறைந்திருக்கும். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் அமலானதிலிருந்து டாட் காம் பதிவுகளில் தனிநபர் விவரங்கள் வெளியே தெரிவது குறைந்துவிட்டது. பயப்பட வேண்டாம், அது சாதாரணம்தான்.

அப்படியும் உங்கள் நம்பர் எப்படிக் கிடைத்தது? உங்கள் வெப்சைட்டின் ‘தொடர்புக்கு’ பக்கத்திலேயே இருக்கிறதே! வணிக டைரக்டரிகளும் இருக்கின்றன. விவரம் மறைக்கப்படாத டொமைன் பதிவு என்றால் இன்னும் சுலபம். புதிதாக டொமைன் வாங்கிய வாரத்தில் “வெப்சைட் பண்ணித் தரட்டுமா சார்” என்று வரிசையாகப் போன் வருவது இதனால்தான். அவர்களில் நியாயமாகத் தொழில் தேடுபவர்களும் உண்டு. எல்லோரையும் திருடன் என்று சொல்ல மாட்டேன்.

படி 3: விலையை ஒப்பிடுங்கள்

வெரிசைன் ஒரு டாட் காமுக்கு ரிஜிஸ்ட்ராரிடம் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 10.26 டாலர். அதன்மேல் ரிஜிஸ்ட்ராரின் லாபம், 18 சதவீத ஜிஎஸ்டி. முதல் வருட ஆஃபரை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் வரும். டாட் இன் பொதுவாக அதைவிடக் குறைவு. போனில் சொன்ன தொகையை வருடங்களால் வகுத்துப் பாருங்கள்.

“லைஃப்டைம் டொமைன்” என்று சொன்னால் கணக்கே வேண்டாம். டாட் காமோ டாட் இன்னோ, ஒரு தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குத்தான் பதிவு செய்ய முடியும்.

படி 4: அந்த டொமைன் உண்மையில் வேண்டுமா?

வேண்டியிருக்கலாம். போன் பொய் என்பதற்காக டாட் காமே வீண் என்று ஆகாது. வெளிமாநில, வெளிநாட்டு வாடிக்கையாளர் வரும் தொழில் என்றால் டாட் இன்னோடு டாட் காமும் வைத்திருப்பது நல்லது. வாடிக்கையாளர்கள் உங்கள் பேரை இங்கிலீஷில் இரண்டு விதமாக எழுதுவார்கள் என்றால் இரண்டாவதையும் யோசிக்கலாம். அதற்குமேல் டாட் நெட், டாட் பிஸ், டாட் ஆன்லைன் என்று “பேக்கேஜ்” வாங்குவது, என் கருத்தில், வீண் செலவு. டாட்டுக்குப் பின்னால் வரும் இந்த மாதிரி வால்கள் இப்போது ஆயிரத்துக்கும் அதிகமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கி வேலி கட்ட யாராலும் முடியாது.

படி 5: வாங்குவதென்றால் உங்கள் கையாலேயே

தெரிந்த ரிஜிஸ்ட்ரார் தளத்துக்கு நேராகப் போய் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் வழியாக வேண்டாம். உரிமையாளர் இடத்தில் உங்கள் பேர் அல்லது நிறுவனத்தின் பேர் இருக்கட்டும். மெயில் ஐடி நீங்கள் தினமும் திறப்பதாக இருக்கட்டும். கணக்குக்கு இரண்டு அடுக்குப் பாதுகாப்பு போட்டு, ஆட்டோ ரின்யூவலையும், டொமைனை வேறிடத்துக்கு மாற்ற விடாத ‘டிரான்ஸ்ஃபர் லாக்’கையும் ஆன் செய்துவிடுங்கள்.

இதில் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று. வெப்சைட் போட்டுக் கொடுத்த தம்பியே தன் கணக்கில் டொமைனையும் வாங்கியிருப்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் வேலை மாறிப் போய்விட்டால், ரின்யூவல் மெயில் அவருக்குத்தான் போகும். போன் வந்த சாக்கில் அதையும் சரிபாருங்கள். “தம்பி, டொமைனை என் கணக்குக்கு மாத்திக் கொடுத்துடுங்க” என்று கேட்பதில் தப்பே இல்லை.

படி 6: “இன்றைக்கு எக்ஸ்பைரி” என்ற மிரட்டல்

இது அடுத்த ரகம். ஐகேன் விதிப்படி, டாட் காம் விற்ற ரிஜிஸ்ட்ரார் முடியும் தேதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், ரின்யூ ஆகாவிட்டால் முடிந்த ஐந்து நாளுக்குள்ளும் நினைவூட்ட வேண்டும். முடிந்த மறுநாளே பேர் பொதுவுக்குப் போவதும் இல்லை. நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம்தான் அதிகம். ஆகவே போனை வைத்துவிட்டு, உங்கள் ரிஜிஸ்ட்ரார் கணக்கில் லாகின் செய்து தேதியைப் பாருங்கள்.

ரின்யூவல் பில் போலவே இருக்கும் காகிதமும் மெயிலும் வரும். அமெரிக்காவில் ‘டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா’ என்ற பேரில் இப்படிக் கடிதங்கள் போயின. கட்டியவர்களின் டொமைன் ரின்யூ ஆவதற்குப் பதில் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாறியது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2003-லேயே வழக்குப் போட்டது. பின்னணியில் இருந்த ரிஜிஸ்ட்ராரின் அங்கீகாரத்தை ஐகேன் 2014-ல் தற்காலிகமாக நிறுத்திவைத்தது.

ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்குச் சீனாவிலிருந்து ஒரு மெயிலும் வரும்: உங்கள் பிராண்ட் பேரில் டாட் சிஎன், டாட் ஏசியா கேட்டு ஒரு கம்பெனி வந்திருக்கிறது, ஆட்சேபணை உண்டா என்று. போனில் வந்த அதே கதை, கெடு மட்டும் சில நாள். பதில் போடாமல் அழித்துவிடலாம்.

படி 7: நிஜமாகவே யாராவது எடுத்துவிட்டால்?

உங்கள் பேரில் டிரேட்மார்க் இருந்து, ஏமாற்றும் நோக்கத்தோடு யாராவது டொமைன் எடுத்தால் அதற்கு முறையான வழி இருக்கிறது. டாட் காமுக்கு 1999-லிருந்து யுடிஆர்பி என்ற தீர்வு முறை. டாட் இன்னுக்கு நிக்ஸியின் ஐஎன்டிஆர்பி. யுடிஆர்பியில் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் மையத்தை அணுகினால், ஒரு நடுவர் முன் ஐந்து டொமைன் வரைக்கும் கட்டணம் 1,500 டாலர். சின்னக் கடைக்கு இது பெரிய தொகைதான், ஆனால் கடைசி வழி என்று ஒன்று இருப்பது தெரிந்தால் அரை மணி நேரக் கெடு அவ்வளவாகப் பயமுறுத்தாது. டிரேட்மார்க் இல்லாவிட்டால் வழக்கு கஷ்டம். டிரேட்மார்க் பதிவுக்குச் செலவழிப்பது பத்து டொமைனுக்குச் செலவழிப்பதைவிட உருப்படியானது.

படி 8: ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா?

நேரம் முக்கியம். உடனே 1930-க்கு அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் இது. கூடவே வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்தில் பதியுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண், வந்த நம்பர், நேரம், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், அவர்கள் அனுப்பிய பில் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். நீங்களே அனுப்பிய பணம் என்பதால், கார்டு திருடு போன கேஸ் மாதிரி வங்கி சுலபத்தில் திருப்பித் தராது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு.

அடுத்து, அவர்கள் டொமைன் ஏதாவது பதிவு செய்தார்களா என்று படி 2-ல் சொன்னபடி தேடுங்கள். செய்திருந்தால், கணக்கை உங்கள் பேருக்கு மாற்றித் தரச் சொல்லி மெயிலில் கேளுங்கள். ஒன்றும் பதிவாகவில்லை என்றால் அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டே புகாருக்கு நல்ல ஆதாரம்.

பணம் கட்டாமல் “வாய்மொழி ஆர்டர்” என்று பில் மட்டும் வந்திருந்தால், “பொய்த் தகவல் சொல்லிப் பெற்ற சம்மதம், ஏற்கவில்லை” என்று ஒரு மெயில் போட்டுவிட்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ம் பிரிவு, மோசடியால் வாங்கிய சம்மதத்தில் பிறந்த ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் வியாபாரத்துக்காக வாங்கியதை எடுத்துக்கொள்ளாது என்பார்கள். ஆனால் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது.

ஏமாறவில்லை, போன் மட்டும்தான் வந்தது என்றாலும் அந்த நம்பரை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தின் ‘சக்ஷு’ பகுதியில் பதிவிடுங்கள். விளம்பரத் தொல்லை என்றால் 1909-க்குப் புகார் சொல்லுங்கள். புகாரில் நம்பர், தேதி, நேரம் மூன்றும் கேட்பார்கள். போனின் கால் லிஸ்டை அதற்குமுன் அழித்துவிடாதீர்கள்.